ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் அந்தப் புரோட்டீன்கள்: வாய், தொண்டைப் புற்றுநோய் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். நான் டாக்டர் இல்லை. 28 வருடம் ஓர் ஆஸ்பத்திரி லேபில் சதையை மெழுகில் புதைத்து, சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டவள். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்த பிறகு, தோட்டத்தில் யாரையாவது வாய்ப்புண், தொண்டைக்கட்டி என்று ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ரிப்போர்ட் கடைசியில் என் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒரு சொல் மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "தலை கழுத்துப் புற்றுநோய்" என்று டாக்டர்கள் சொல்வது வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, மூக்கின் பின்புறம், எச்சில் சுரப்பி எல்லாவற்றையும் சேர்த்து. மூளைக் கட்டி இதில் வராது.

ரிப்போர்ட்டில் புரோட்டீன் பாசிட்டிவ் என்று இருக்கிறது. முட்டை, பருப்பு எல்லாம் நிறுத்திவிடட்டுமா அக்கா?

ஐயோ, வேண்டாம். சிரிப்பு வரும் கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் ஒரு வீட்டில் இதற்காகவே இரண்டு வாரம் வெறும் கஞ்சி கொடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் உள்ள புரோட்டீன் என்பது புற்றுநோய் செல்லே தனக்காகச் செய்துகொள்ளும் ஒரு பொருள். நாம் தின்னும் முட்டைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கதிர் சிகிச்சை ஓடும் ஆறேழு வாரத்தில் வாய் வெந்து, விழுங்க முடியாமல், ஆள் பாதியாகிவிடுவார். அதற்கு முன்பே உடம்பைத் தேற்ற வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் கொடுங்கள்.

அந்தப் புரோட்டீனை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ரத்தத்திலா?

பெரும்பாலும் ரத்தத்தில் இல்லை, பயாப்சியில், அதாவது சோதனைக்காகக் கட்டியிலிருந்து வெட்டி எடுத்த சதையில். இது நான் கையால் செய்த வேலை என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அரிசி அளவு சதை, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறி வரும். குறைந்தது ஆறு மணி நேரமாவது ஊற வேண்டும், மூன்று நாளுக்கு மேல் கிடந்தாலும் ஆகாது. அப்புறம் நீரை இறக்கி, மெழுகு ஏற்றி, ஒரு சின்னக் கட்டியாக வார்ப்போம். அதற்குப் பெயர் பிளாக். பிளாக்கை மெஷினில் பூட்டி நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவினால், வெங்காயச் சருகைவிட மெல்லியதாக ஒரு ரிப்பன் வரும். மூச்சு விட்டால் பறந்துவிடும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் கீழே கொடுத்துத் தூக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் முதல் மாதம் முழுக்க அதைச் சுருட்டிச் சுருட்டிக் கெடுப்பார்கள். நானும் கெடுத்திருக்கிறேன்.

பிறகு, தேடுகிற புரோட்டீனில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றுவோம். ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் ஏறும், மற்ற இடம் நீலம். நல்ல ஸ்லைடு என்றால் நீலத் துணியில் தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) கொட்டிய மாதிரி இருக்கும். எத்தனை செல் பழுப்பு, எவ்வளவு அழுத்தமான பழுப்பு என்று நோய்க்குறியியல் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதுவதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் வரும் எண். அது தராசில் நிறுத்த எடை கிடையாது, பழகிய கண் போட்ட மதிப்பு. இரண்டு டாக்டர் பார்த்தால் கொஞ்சம் முன்பின் வரலாம்.

புரோட்டீனைப் பார்த்து நோய் குணமாகுமா என்று சொல்லிவிடலாமா?

இங்கேதான் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

என் அப்பா பால்மர (ரப்பர்) தோட்டத்தில் மண்டோர், அதாவது மேஸ்திரி. பட்டையைத் தடவிப் பார்த்தே இந்த மரம் நன்றாகப் பால் தரும், அது தராது என்பார். பால் கூட்டுவதற்காகப் பட்டையில் மருந்து பூசுகிற வழக்கமும் உண்டு. எந்த மரம் அந்த மருந்துக்கு இசையும் என்பது தனிக் கணக்கு. நல்ல மரமெல்லாம் மருந்துக்கும் கேட்கும் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

புரோட்டீன்களும் அப்படித்தான். சில புரோட்டீன் நோயின் போக்கைச் சொல்லும். சில புரோட்டீன் குறிப்பிட்ட ஒரு மருந்து வேலை செய்யுமா என்று சொல்லும். பி16 முதல் வகை. பிடி-எல்1 இரண்டாம் வகை. இரண்டையும் கீழே விளக்குகிறேன். ரிப்போர்ட்டைக் கையில் எடுத்ததும் "இது எதைச் சொல்லும் புரோட்டீன்?" என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், கட்டி எந்த இடத்தில் என்று பாருங்கள். இடம் மாறினால் அதே புரோட்டீனுக்கு அர்த்தமே மாறிவிடும்.

பி16 பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி என்கிறார்களே?

தொண்டையில், அதாவது டான்சிலிலும் நாக்கின் அடிப்பகுதியிலும் வந்த கட்டியாக இருந்தால், ஆமாம்.

பி16 உண்மையில் செல்லுக்கு பிரேக் போடும் புரோட்டீன். எச்பிவி என்ற வைரஸ் தொண்டைச் செல்லுக்குள் புகுந்தால், ஆர்பி என்ற வேறொரு காவல் புரோட்டீனை அழித்துவிடும். அது போனதும் செல் பதறிப்போய் பி16-ஐக் கணக்கில்லாமல் செய்து குவிக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறது, வண்டியோ நிற்கவில்லை. ஆகவே பழுப்பு நிறம் நிறைய இருந்தால், பின்னால் எச்பிவி இருக்கிறது என்று ஊகிக்கிறோம். குறைந்தது 70 சதவீதப் புற்றுச் செல்களில், உட்கருவிலும் அதைச் சுற்றியும், நடுத்தரத்துக்குக் குறையாத அழுத்தத்தில் பழுப்பு ஏறியிருந்தால்தான் பாசிட்டிவ். 40 சதவீதம் என்றால் நெகட்டிவ்தான்.

2010-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், தொண்டைப் புற்றுநோயாளிகளில் எச்பிவி உள்ளவர்கள் மூன்று வருடம் கழித்து 82 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். எச்பிவி இல்லாதவர்களில் 57 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பெரிது என்பதால், 2018-இல் நடப்புக்கு வந்த ஸ்டேஜ் அட்டவணையில் பி16 பாசிட்டிவ் தொண்டைப் புற்றுநோய்க்கு என்றே தனிப் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள். கழுத்தில் நெறி கட்டியிருந்தும் "ஸ்டேஜ் 1" என்று எழுதியிருந்தால் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று பதற வேண்டாம், அந்தப் பக்கத்துக் கணக்கு அது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்து வருடத்துக்கு மேல் சிகரெட் பிடித்தவருக்கு, எச்பிவி இருந்தாலும் அந்த நன்மை குறைகிறது.

பி16 என்பது ஊகம்தானே, எப்போதும் சரியாக இருக்குமா என்று ஒரு ஸ்கூல் டீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. 2023-இல் பல நாட்டு நோயாளிகள் 7,600-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்ததில், ஏறக்குறைய 9 சதவீதம் பேருக்கு பி16 ஒன்று சொன்னது, வைரஸ் பரிசோதனை வேறொன்று சொன்னது. முடியும் இடத்தில் வைரஸையும் நேரடியாகத் தேடிவிடுவது மேல்.

நல்ல வகை என்றால் மருந்தைக் குறைத்துக்கொள்ளலாமா?

டாக்டர்களும் அப்படித்தான் ஆசைப்பட்டார்கள். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து காதையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அதற்குப் பதிலாக செடுக்சிமாப் என்ற வேறு மருந்தைக் கொடுத்துப் பார்ப்போமே என்று இரண்டு பெரிய ஆய்வு செய்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. செடுக்சிமாப் போட்டவர்கள் கூடுதலாக இறந்தார்கள், பக்கவிளைவும் மொத்தத்தில் குறையவில்லை. அதனால், உடம்பு தாங்குகிறவருக்கு இன்றைக்கும் சிஸ்பிளாட்டினும் கதிரும்தான். நோயின் போக்கைச் சொல்லும் புரோட்டீனை வைத்து மருந்தை மாற்றப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம். பி16 பார்க்கவே இல்லை. அசட்டையா?

இல்லை. நம் ஊரில் அதிகம் வருகிற கேள்வி இதுதான், ஏனென்றால் நம் சனங்களுக்கு அதிகம் வருவது அந்த இடத்தில்தான். வெற்றிலை பாக்கு அதக்கும் கன்னம், நாக்கின் ஓரம், ஈறு. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் விகிதம் இந்தியப் பெண்களிடம்தான் அதிகம். சீனர்களுக்கு மூக்கின் பின்புறம் வருவது போல, நமக்கு வாய்.

கன்னத்தில் வரும் புற்றுநோய்க்கும் எச்பிவிக்கும் உறவு மிகக் கொஞ்சம். அங்கே பி16 பழுப்பாக வந்தாலும் "நல்ல வகை" என்று சொல்ல முடியாது, ஸ்டேஜும் மாறாது. பார்க்காமல் விட்டதே சரி.

அப்பாவின் ரிப்போர்ட்டில் வேறு நாலு வரியைத் தேடுங்கள். கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது (5 தாண்டினால் ஒரு படி, 10 தாண்டினால் இன்னொரு படி). வெட்டிய விளிம்பில் புற்று இருக்கிறதா. கழுத்து நெறியில் எத்தனையில் இருக்கிறது. நெறியின் உறையைக் கிழித்து வெளியே வந்திருக்கிறதா. விளிம்பில் இருந்தாலோ உறையைக் கிழித்திருந்தாலோ, ஆப்பரேஷனுக்குப் பிறகு கதிரோடு சிஸ்பிளாட்டினும் சேர்ப்பார்கள். இதில் ஒன்றுகூட புரோட்டீன் இல்லை, எல்லாம் நூறு வருடப் பழைய சாயத்தில் தெரிகிற விஷயம். ஆனால் வாய்ப் புற்றுநோயில் இவற்றின் சொல்லுக்கு இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் கிடையாது என்பது என் எண்ணம்.

ஒரு விதிவிலக்கு. கழுத்தில் நெறி மட்டும் இருக்கிறது, கட்டி எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை என்றால், நெறியில் பி16 போட்டுப் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் டான்சில் பக்கம் தேடுவார்கள்.

எச்பிவி என்று தெரிந்ததிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை...

உடலுறவு, வாய்வழி உறவு மூலம் பரவும் வைரஸ்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் வாழ்நாளில் பெரும்பாலானவர்களுக்கு ஒருமுறையாவது வந்து, தானே போய்விடும். சிலருக்கு மட்டும் பல வருடம் தங்கிப் புற்றாகிறது. எப்போது, யாரிடமிருந்து என்று எந்த ஸ்லைடும் சொல்லாது. அதை வைத்து யாரையும் கூண்டில் ஏற்றாதீர்கள். 2010 முதல் பள்ளியில் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்குப் போடும் ஊசி இதே வைரஸுக்குத்தான், பாரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

பிடி-எல்1, சிபிஎஸ் 25 என்று இருக்கிறது. நூற்றுக்கு 25 மார்க்கா? ஃபெயிலா?

மார்க் இல்லை. இங்கே எண் கூடினால் ஒரு மருந்துக்கு வாசல் திறக்கிறது என்று அர்த்தம்.

நம் உடம்பின் காவல் செல் கிட்டே வரும்போது, "நானும் உன் ஆள்தான்" என்று புற்றுச் செல் காட்டும் கள்ள அடையாள அட்டைதான் பிடி-எல்1. அட்டையைப் பார்த்ததும் காவல் செல் சும்மா போய்விடும். பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் அந்த அட்டை வேலை செய்யாமல் தடுக்கின்றன.

சிபிஎஸ் என்பது பிடி-எல்1 எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் எண். கணக்கு இப்படி. பழுப்பேறிய புற்றுச் செல்களையும், பழுப்பேறிய காவல் செல்களையும் கூட்டு. மொத்தப் புற்றுச் செல் எண்ணிக்கையால் வகு. நூறால் பெருக்கு. 400 புற்றுச் செல் இருக்கிறது, அதில் 60 பழுப்பு, பக்கத்தில் காவல் செல் 40 பழுப்பு என்றால் 100-ஐ 400-ஆல் வகுத்து நூறால் பெருக்க, 25. கணக்கு நூறைத் தாண்டினாலும் 100 என்றே எழுதுவோம். ஸ்லைடில் குறைந்தது 100 புற்றுச் செல்லாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் "போதாது" என்று திருப்பி அனுப்புவோம். அதற்காக லேபைத் திட்டாதீர்கள்.

நோய் திரும்பி வந்தவர்கள், பரவியவர்கள், அறுக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்த எண் முதலில் பயன்பட்டது. கீநோட்-048 என்ற ஆய்வு 2019-இல் வெளிவந்தது. சிபிஎஸ் 20-ம் அதற்கு மேலும் உள்ளவர்களில் பெம்ப்ரோலிசுமாப் மட்டும் போட்டவர்கள் நடுக்கணக்கில் (பாதிப் பேர் அதைவிடக் கூட, பாதிப் பேர் குறைய) 14.9 மாதம் வாழ்ந்தார்கள், பழைய கீமோ-செடுக்சிமாப் கூட்டு 10.7 மாதம். சிபிஎஸ் 1-ம் அதற்கு மேலும் என்று எல்லாரையும் சேர்த்தால் 12.3-க்கு 10.3. 1-க்கும் கீழே உள்ள சிறு கூட்டத்தில் தனியாகப் போட்டதில் லாபம் தெரியவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இதை யாரும் சொல்வதில்லை. அதே ஆய்வில், 20-ம் அதற்கு மேலும் உள்ளவர்களிலேயே கட்டி சுருங்கியது பெம்ப்ரோலிசுமாப்பில் 23 சதவீதம் பேருக்குத்தான், பழைய கூட்டில் 36 சதவீதம். ஆனால் சுருங்கியது நீடித்தது பெம்ப்ரோலிசுமாப்பில் 20 மாதத்துக்கு மேல், பழையதில் 4 மாதம் சொச்சம். ஆகவே கட்டி மூச்சுக்குழாயை அடைத்துக்கொண்டு நிற்கிறது, சீக்கிரம் சுருக்க வேண்டும் என்றால், எண் 50 இருந்தாலும் டாக்டர் கீமோவையும் சேர்க்கலாம். "எண் நல்லா இருக்கே, எதுக்கு கீமோ?" என்று சண்டை போடும் முன் இதை நினையுங்கள்.

2025 ஜூனில் அமெரிக்காவில் ஒரு புது அனுமதி வந்தது. அறுக்கக்கூடிய, ஆனால் முற்றிய கட்டிக்கு, சிபிஎஸ் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆப்பரேஷனுக்கு முன்னும் பின்னும் பெம்ப்ரோலிசுமாப். இனி இந்த எண்ணை முதல் பயாப்சியிலேயே கேட்பார்கள்.

அந்த ஊசிக்கு ஆகும் பணத்துக்கு வீட்டை விற்கணுமே?

விலை பெரிய விலைதான், மறுக்கவில்லை. முதலில் அரசாங்க ஆஸ்பத்திரி மருத்துவ சமூகநலப் பிரிவைப் பாருங்கள். ஈபிஎஃப்-இல் (ஊழியர் சேமநிதி) நோய்க்கென்று பணம் எடுக்க வழி உண்டு, புற்றுநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை ஒரு காரியம் செய்தது. வழக்கமாக நிவோலுமாப் 240 மில்லிகிராம். அவர்கள் வெறும் 20 மில்லிகிராம், மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மலிவான மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். குணமாக்க முடியாத நிலையில் இருந்தவர்களில் ஒரு வருடம் தாண்டியவர்கள் மாத்திரை மட்டும் என்றால் 16 சதவீதம், குறைந்த அளவு ஊசியும் சேர்ந்தால் 43 சதவீதம். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களோடுதான் ஒப்பிட்டார்கள், முழு அளவு ஊசியோடு ஒப்பிடவில்லை. இருந்தாலும் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்கத் தகுந்த விஷயம்.

இஜிஎஃப்ஆர் "மிக அதிகம்" என்று எழுதியிருக்கிறதே?

இஜிஎஃப்ஆர் செல்லை வளரத் தூண்டும் புரோட்டீன். வாய், தொண்டைக் கட்டிகளில் பத்தில் எட்டு ஒன்பதில் அதிகமாகத்தான் இருக்கும். செடுக்சிமாப் அதைத்தான் தடுக்கிறது, அப்படியானால் அது நிறைய உள்ளவருக்கு மருந்து நன்றாகக் கேட்க வேண்டுமல்லவா? கேட்கவில்லை. பழுப்பு எவ்வளவு என்பதை வைத்து யாருக்கு வேலை செய்யும் என்று பிரிக்க முடியவில்லை. அதனால் செடுக்சிமாப் கொடுப்பதற்கு இந்தப் பரிசோதனை தேவையே இல்லை.

பி53? கேஐ-67?

இருக்கும். இவையும் செல்லில் உள்ள புரோட்டீன்கள்தான், ஆனால் சிகிச்சையை மாற்றாது. அடுத்தது.

எச்சில் சுரப்பியில் கட்டி என்றார்கள். அதுவும் இதேதானா?

முற்றிலும் வேறு சாதி. மேலே சொன்ன பி16 கதை எதுவும் அங்கே ஓடாது. எச்சில் நாளப் புற்றுநோய் என்று ஒரு வகையில், மார்பகப் புற்றுநோயில் பார்க்கிற ஹெர்2 புரோட்டீனும், ஆண் ஹார்மோன் ஏற்பியும் இருக்கலாம். இருந்தால் அதற்கேற்ற மருந்து உண்டு, டிராஸ்டுசுமாப் அதில் ஒன்று. இந்த வகை முற்றிய நிலையில் என்றால் இரண்டையும் பார்த்தீர்களா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

ரத்தத்தில், எச்சிலில் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியாதா?

மூக்கின் பின்புறப் புற்றுநோயில் முடிகிறது. அங்கே காரணம் ஈபிவி வைரஸ், ரத்தத்தில் அதன் டிஎன்ஏ மிதக்கும். அது புரோட்டீன் இல்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஹாங்காங்கில் 20,000-க்கும் மேற்பட்ட ஆண்களுக்கு இப்படிப் பார்த்து, 34 பேருக்கு நோயைக் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலும் ஆரம்ப நிலையில். சிகிச்சைக்குப் பிறகும் அந்த டிஎன்ஏ ரத்தத்தில் தங்கியிருந்தால் கவலைப்பட வேண்டும். பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டிக்கு மாதாமாதம் ரத்தம் எடுப்பது இதற்காக இருக்கலாம்.

வாய்ப் புற்றுநோய்க்கு எச்சிலில் ஐஎல்-8 போன்ற புரோட்டீன்களை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. கிளினிக்கில் அதை நம்பி முடிவெடுக்கும் நிலை இன்னும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் "எச்சில் டெஸ்ட் 99 வெள்ளி" விளம்பரத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் மறுபடியும் சதை வெட்டுவார்களா?

அவசியமில்லை. பிளாக்கும் ஸ்லைடும் லேபில் பத்திரமாக இருக்கும். கடிதம் கொடுத்துக் கேட்டால் அனுப்புவார்கள். பிடி-எல்1-ஐ பழைய பிளாக்கிலேயே பார்க்கலாம். ஆனால் பிளாக் வருடக்கணக்கில் பழையது, நடுவில் கதிரும் கீமோவும் ஆகிவிட்டது, இப்போது புது இடத்தில் வந்திருக்கிறது என்றால், புதுச் சதை கேட்பதில் நியாயம் உண்டு. ஒரே ஆளுக்குக் கட்டியில் ஓர் எண், நெறியில் வேறோர் எண் வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

பிளாக்கை வாங்கினால் காரின் டேஷ்போர்டில் வைக்காதீர்கள். மெழுகு. நம் ஊர் வெயிலில் ஒருவருடையது உருகி, டிஷ்யூ பேப்பரோடு ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

ஆயா புகையிலை போடுவதில்லை, வெறும் வெற்றிலை பாக்கு சுண்ணாம்புதான். அதற்கும் பயப்படணுமா?

பயப்பட வேண்டும். புகையிலை இல்லாத வெற்றிலைபாக்கையும் 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு புற்றை உண்டாக்கும் முதல் வகுப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டது. குற்றவாளி பாக்கு. பால்மரக் காட்டிலும் லயத்து வீடுகளிலும் அறுபது வருடமாகப் போட்டவரிடம் நாளையிலிருந்து நிறுத்து என்றால் கேட்கமாட்டார், எங்கள் ஆயாவும் கேட்கவில்லை. முதலில் ராத்திரி அதக்கிக்கொண்டே தூங்குவதையாவது நிறுத்தச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை போன் லைட்டை அடித்து வாயைப் பாருங்கள். பல்செட்டைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பார்க்க வேண்டும். கன்னத்தை விரலால் இழுத்து உள்பக்கம், நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு ஓரமும், நாக்கின் அடியும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், வாய் முன்போல் அகலத் திறக்காமை, இதில் எது இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். புதன்கிழமை சந்தைக்கு வரும்போது அப்படியே காட்டிவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள், காலையிலேயே போய் நம்பர் எடுத்துவிடுங்கள்.